கட் சொன்னது கேட்கவில்லை

தூசி இல்லை, இதுவும் தூசி இல்லை, இது கொக்கு, பறக்கிற கொக்கைப் போய்த் தூசி என்கிறதே இந்தச் சனியன்... முணுமுணுத்துக்கொண்டே அவள் அந்தச் சிவப்பு வட்டத்தை அழித்தாள், கொக்கு பிழைத்தது, அடுத்த படத்தில் அதே கொக்கு கொஞ்சம் தள்ளி, அதற்கும் ஒரு வட்டம், அதையும் அழித்தாள். ஒரு வினாடிக்கு இருபத்துநான்கு படம், ஒவ்வொன்றிலும் தனக்குத் தூசி என்று தோன்றுவதையெல்லாம் சுற்றி இயந்திரம் ஒரு வட்டம் போட்டு வைக்கும், வட்டத்தை விட்டுவிட்டால் உள்ளே இருப்பது துடைபட்டுப் போகும், அழித்தால் தங்கும், ஏழு வருஷமாக இதுதான் வேலை. பழைய படங்களைப் புதுசு பண்ணுகிறேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்வாள், பாத்திரம் தேய்க்கிற மாதிரிதான் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். மணி பதினொன்று ஐந்து. சாயங்காலம் ஐந்துக்குள் இந்தக் கடைசி ரீல் போய்ச் சேர வேண்டும், ஐந்துக்குள் இன்னொன்றும் போய்ச் சேர வேண்டும், அதை இப்போது நினைக்கக் கூடாது, நினைத்தால் கொக்கு போய்விடும்... காலையில் மகன் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ போடறதுன்னா போட்டுக்கோம்மா. நான் எழுதப் போறதில்லை." கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், இரண்டு பேருக்கும் மனசு லேசாகியிருக்கும், ஆனால் அவன் கடையில் இன்றைக்குப் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

அரசாங்கத் தேர்வுக்கு விண்ணப்பம் போட இன்று கடைசி நாள், இது ஐந்தாவது தடவை, வயது வரம்புப்படி பார்த்தால் இதுதான் கடைசித் தடவை, இதை விட்டால் அடுத்த அறிவிப்பு வரும்போது அவனுக்கு வயசு ஏறிவிட்டிருக்கும். முதல் தடவை ஒன்றரை மதிப்பெண்ணில் போயிற்று. இரண்டாவது தடவை கேள்வித்தாள் முந்தின நாளே ஊரெல்லாம் கைமாறிவிட்டது என்று ரத்து. மூன்றாவது எழுதினான், நன்றாகத்தான் எழுதினான், முடிவு வரவே இல்லை, யாரோ வழக்குப் போட்டார்கள், வழக்கு இன்னும் நடக்கிறது, நடக்கிறது என்றால் எங்கே நடக்கிறது, உட்கார்ந்துதான் இருக்கிறது. நான்காவதும் ரத்து. முதல் தடவை அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாமி கும்பிட்டுவிட்டு விண்ணப்பத்தை நிரப்பினார்கள், அன்றைக்கு அவன் போன் பழுதாகிக் கிடந்ததால் அவள் நம்பரைக் கொடுத்தார்கள், அதோடு அந்த நம்பரே நிலைத்துவிட்டது, உலகத்தில் எந்த மூலையிலிருந்து யார் அந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும் ஓடிபி அவள் போனுக்குத்தான் வரும். போன தடவை அவள் தனியாகவே நிரப்பினாள், அவன் பக்கத்து அறையில் இருந்தான். அவன் புகைப்படம், கையெழுத்து, சான்றிதழ்கள், எல்லாம் இந்தப் போனுக்குள்ளேயே இருக்கின்றன, சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் போதும், போட்டுவிடலாம். போட்டுவிட்டு? அவனைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தா எழுத வைப்பது?

கொக்குகள் முடிந்தன. அடுத்தது கட்டிக்கொண்டிருக்கிற அணை, பாதி எழும்பின சுவர், அதன் மேல் எறும்பு மாதிரி ஆட்கள், ஆட்கள் தலையில் கூடை. இந்தப் படம் ஆபீசுக்கு வரப்போகிற பட்டியலில் இருந்ததைப் பார்த்த அன்றைக்கே அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது, நேரே போய் அந்தப் பையனிடம், பையன் என்ன பையன், முப்பது வயசு மேலாளர், எதைக் கொடுத்தாலும் அர்ஜென்ட் அர்ஜென்ட் என்பதால் அர்ஜென்ட் என்றே பெயராகிப்போனவன், அவனிடம் போய் இந்தப் படத்தை எனக்குக் கொடு என்று கேட்டாள், ஏன் என்று அவன் கேட்டதற்கு எங்கப்பா நடிச்சிருக்கார் என்றாள். அவன் எழுந்தே நின்றுவிட்டான். "எந்த வேஷம்க்கா?" கடைசி காட்சியில் எண்ணூறு பேரில் ஒருத்தர் என்றதும் மறுபடி உட்கார்ந்துகொண்டான். பாவம், மரியாதையாகச் சிரித்தான், படத்தையும் கொடுத்தான்.

அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயசு. லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒரு நாள் கூலியும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும், அணை கட்டி முடித்த ஜனங்கள் எல்லாரும் உதயசூரியனைப் பார்த்து நடந்து போக வேண்டும், படம் அத்தோடு முடிகிறது. விடியற்காலை ஐந்துக்கு எடுக்க வேண்டியது, கதாநாயகர் பதினோரு மணிக்குத்தான் வந்து இறங்கினார், அதனால் சாயங்காலச் சூரியனையே விடியற்காலைச் சூரியனாக நடிக்க வைத்துவிட்டார்கள், அந்த வருஷத்துச் சிறந்த நடிகர் அந்தச் சூரியன்தான் என்பார் அப்பா. உயரமானவர் என்று முன்வரிசையில் நிறுத்தினார்கள். இயக்குநர் தகரக் குழாயில் கத்தினாராம், எல்லாரும் நடங்க, திரும்பிப் பாக்காதீங்க, நான் கட் சொல்றவரைக்கும் நடந்துகிட்டே இருங்க. அப்பா நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கட் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, அவர் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார், மேட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, சூரியனே இறங்கிப்போன பிறகுதான் பக்கத்தில் ஒருத்தரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்தாராம். வந்து சேர்ந்தால் பொட்டலமும் தீர்ந்துவிட்டது, லாரியும் போய்விட்டது. இதை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார், கல்யாண வீடு, சாவு வீடு, புதுசாக யார் வந்தாலும், ஒவ்வொரு தடவையும் கடைசியில் கையை விரித்து, "கட் சொன்னது எனக்குக் கேக்கவே இல்லைப்பா!" என்பார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மா இருந்தவரைக்கும் அவளுக்கு இது ஒரு ஆயுதம். அவர் கடைக்குப் போய்த் திரும்பாவிட்டால், சொன்னதையே திரும்பச் சொன்னால், "அவருக்கு இன்னும் யாரும் கட் சொல்லலை" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் இந்தப் படம் போட்டால் தெருவே அவர்கள் வீட்டில் இருக்கும். அப்பா குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ அவரையே பார்க்க வந்திருக்கிறார்கள் என்பது மாதிரி சுவரோரம் நிற்பார், கடைசி காட்சி வந்ததும் அவளும் தம்பியும் ஓடிப்போய்த் திரையில் விரலை வைத்து, "இதோ அப்பா! இதோ!" விரல் பட்ட இடத்தில் கண்ணாடி சுருக்கென்று கடிக்கும், அங்கே தெரிவது ஒரு உயரமான தலை, பின்னந்தலை, ஒரு முதுகு. "முதுகைக் காட்டியே நடிச்சவரு" என்று அம்மா சொல்வாள். ஆனால் அவளுக்கு அந்த முதுகு போதுமாக இருந்தது... பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டினாள். எப்படிப்பட்ட படங்கள் அவை, இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. பட்டதாரிக் கதாநாயகன் சான்றிதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆபீஸ் படியாக ஏறுவான், எல்லா வாசலிலும் ‘வேலை காலி இல்லை’ என்று ஒரு பலகை, நாலு ரீலுக்கு அப்படி அலைவான், ஆனால் பன்னிரண்டாவது ரீலில் நிச்சயம் வேலை கிடைத்துவிடும், தானியத்தைப் பதுக்கினவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும், கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் வரும். அந்தப் பலகையாவது நேர்மையானது, இல்லை என்றால் இல்லை என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்னது. இவனுக்குப் பலகையும் இல்லை, படியும் இல்லை, போனில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும் என்கிறது, நாலு வருஷம் சிறிது நேரமா?

சட்டென்று எல்லாம் இருட்டாயிற்று. மின்வெட்டு. மேஜைக்கு அடியில் பேட்டரிப் பெட்டி கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது, திரையில் மட்டும் வெளிச்சம், அதில் கதாநாயகன் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறான், ஒலி இல்லாத படச்சுருள்தான், ஆனாலும் அந்த இடத்தில் அவன் என்ன பாடுகிறான் என்று அவளுக்குத் தெரியும், இந்தக் கரை எழுந்தால் எல்லார் வீட்டிலும் விளக்கு எரியும் என்று பாடுகிறான். நன்றாக எரிகிறது போ! அர்ஜென்ட் இருட்டில் தட்டுத் தடுமாறி வந்தான். "அக்கா, சேவ் பண்ணிட்டீங்கல்ல?" "பண்ணிட்டேன்." "ஜெனரேட்டர்ல டீசல் இல்லையாம். லிப்டும் நடுவுல நிக்குது, உள்ள ரெண்டு பேர் மாட்டியிருக்காங்க." "அப்ப கெடு?" "கெடு கெடுதான்க்கா, படம் வாங்கறவங்க பக்கம் கரண்ட் இருக்கே" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவன் நல்லவன்தான், எம்பிஏ படித்தவன், இரண்டு வருஷமாகச் சம்பளம் ஏறவில்லை, அவன் கெடுவுக்கு மேல் இன்னொருத்தனுடைய கெடு, அதற்கு மேல் இன்னொருத்தன், எல்லாரும் எதையோ பார்த்து ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், யார் யாரை விரட்டுகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

கறுப்புத் திரையை விலக்கி ஜன்னல் ஓரம் போய் நின்றாள். கீழே மேம்பாலத் தூண்கள், எட்டு வருஷமாக மேலே ஒன்றும் இல்லாமல் வரிசையாக நிற்கின்றன, கம்பிகள் மட்டும் தலைமயிர் மாதிரி விரித்துக்கொண்டு. தூண் நிழலில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்கள், முதுகில் பெரிய பெரிய பெட்டி, ஆரஞ்சுச் சட்டை, போனைப் பார்த்தபடி அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கிறார்கள், அதில் ஒருத்தன் மகனோடு படித்தவன், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினவன், ஒருநாள் அவளைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டுத் தலைக்கவசத்தைச் சட்டென்று மாட்டிக்கொண்டான். முன்னேறவில்லை என்று யார் சொன்னது? அந்தக் காலத்தில் ஏது இந்த மாதிரிக் கட்டடம், இந்த மாதிரிச் சாலை, ஒரு பொத்தானை அமுக்கினால் பணம் போகிறது, சோறு வருகிறது, அறுபது வருஷத்துப் படத்தில் தூசி எது என்று இயந்திரம் சொல்கிறது. எல்லாம் வந்துவிட்டது. வந்ததெல்லாம் நம்மைத் தாண்டிப் போய்விட்டது, அவ்வளவுதான்... இல்லை, இப்படி நினைப்பது தப்போ? அப்பா கேட்டால் கோபித்துக்கொள்வார். அவர் எதிரில் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல முடியாது, நிதானமா நடந்துகிட்டுதான் இருக்கு, நின்னுடலை என்பார். இருபத்திரண்டு வருஷம் பொதுப்பணித் துறையில் தற்காலிக ஊழியர், ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கும்போது நிரந்தரம் பண்ணினார்கள், அன்றைக்கு அவர் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார், அணையே இடிஞ்சு விழப்போகுது, இவரு இப்பத்தான் நிரந்தரமாயிருக்காரு என்றாள் அம்மா.

நினைத்த மாதிரியே போன் அடித்தது. அப்பா. "என்னம்மா, கடைசி சீன் வந்துடுச்சா?" "இன்னும் இல்லைப்பா, கரண்ட் போயிடுச்சு." "வரும், வரும். என்னை நல்லாத் தேய்ச்சு வெள்ளையாக்கிக் காட்டணும், சொல்லிட்டேன்." "முதுகுதானேப்பா." "முதுகுன்னா என்ன, அழுக்கு இருக்கலாமா?" அவள் சிரித்தாள், சிரிக்க வைத்துவிட்டார், எண்பது வயசு ஆகியும் இந்த வித்தை மட்டும் போகவில்லை. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "பையன் சாப்பிடலை. கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கான். நீ அந்த விண்ணப்பத்தைப் போட்டுடும்மா. இந்தத் தடவை நடக்கும்." "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க." "போன தடவை வேற." "என்னப்பா வேற?" "நம்பிக்கை விட்டுட்டா எப்படிம்மா, நாடு நின்னா போச்சு?" அவளுக்கு எரிச்சலாக வந்தது, வைக்கிறேன்ப்பா என்று வைத்துவிட்டாள், வைத்தபின் அழுகையாக வந்தது. எப்படி முடிகிறது இந்த மனுஷனுக்கு? பத்தொன்பது வயசில் யாரோ தகரக் குழாயில் நட என்று சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார், வெள்ளை மனசு, ஏமாந்த மனசு, இவரைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன், என்னைப் பார்த்து அவன். என் தப்பில்லை, அவர் தப்பு. சீ, என்ன பேச்சு இது.

மூன்றரைக்குத்தான் மின்சாரம் வந்தது. கடைசி காட்சி. இசை இல்லாமல், பாட்டு இல்லாமல், எண்ணூறு பேர் சத்தமே போடாமல் சூரியனைப் பார்த்து நடக்கிறார்கள். முன்வரிசையில் இடது பக்கம் அந்த உயரமான தலை, டிவியில் விரல் வைத்துக் காட்டின அதே தலை, ஆனால் இப்போது எவ்வளவு துல்லியம், காதுக்குப் பின்னால் முடி வெட்டின கோடு தெரிகிறது, சட்டைக் காலரில் கிழிசல் தைத்தது தெரிகிறது. யார் தைத்திருப்பார்கள்? ஒவ்வொரு படமாக அவரைத் துடைத்தாள், நிஜமாகவே முதுகு தேய்த்துவிடுகிற மாதிரி இருந்தது. பிறகு ‘முற்றும்’ என்று எழுத்து வந்தது. போனை எடுத்து, விதிப்படி கூடாதுதான், யாரும் பார்க்கவில்லை, திரையில் அந்தக் காட்சியை மட்டும் படம் பிடித்துக்கொண்டாள், அப்பாவுக்குக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். முடிந்தது என்று எழுந்திருக்கப் போனவள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள், அந்தக் கோப்பில் இன்னும் ஒரு துண்டு இருந்தது, முப்பத்தொரு வினாடி. ‘முற்றும்’ எழுத்தைப் பதிப்பதற்காக அந்தக் காட்சிக்கு அந்தக் காலத்திலேயே தனியாக ஒரு நகல் எடுத்திருக்கிறார்கள், எழுத்து இல்லாத மூலச் சுருள் அதே டப்பாவில் கிடந்திருக்கிறது, ஸ்கேன் பண்ணினவர்கள் அதையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். இந்த மாதிரி மிச்சத்தை வழக்கமாகப் பார்க்காமலேயே அழித்துவிடுவாள், வாடிக்கையாளருக்கு வேண்டாம், ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. விரல் அழிக்கத்தான் போயிற்று... என்ன தோன்றிற்றோ, ஓட்டிப் பார்த்தாள்.

நடக்கிறார்கள். ‘முற்றும்’ வர வேண்டிய இடம் வருகிறது, வரவில்லை, நடந்துகொண்டே இருக்கிறார்கள். பிறகு எல்லாரும் ஒரேயடியாக உடைகிறார்கள். கட் சொல்லியாயிற்று, சத்தம் இல்லை, ஆனால் தெரிகிறது, எண்ணூறு பேர் சட்டென்று ஜனங்களாகிவிடுகிறார்கள், ஒருத்தன் உட்கார்ந்து காலில் முள் எடுக்கிறான், பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள், பின்னால் இருந்தவர்கள் கேமராவைப் பார்த்து, இல்லை, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற சாப்பாட்டு வண்டியைப் பார்த்து ஓடி வருகிறார்கள். ஒரு கொடி பிடித்தவன் அப்படியே நிற்கிறான். முன்வரிசையில் அப்பா மட்டும் நடந்துகொண்டிருக்கிறார். பாவம் அப்பா, இதோ இதுதான் அந்தக் கதை, பொய்யில்லை, நிஜமாகவே நடந்திருக்கிறது என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அப்போது அப்பா திரும்பினார்.

அவள் நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள், மறுபடி பார்த்தாள். திரும்புகிறார். முகம். அறுபது வருஷமாக முதுகு மட்டுமே இருந்த இடத்தில் ஒரு முகம், ஒல்லியாக, மீசை சரியாக முளைக்காமல், மகனுடைய முகம், அப்படியே அவனுடைய முகம். கூட்டம் கலைவதைப் பார்க்கிறார். பொட்டலத்துக்கு ஓடுகிறவர்களைப் பார்க்கிறார், பக்கத்தில் யாரோ ஒருத்தன் அவரைப் பார்த்து வா என்று கைகாட்டுகிறான், அதையும் பார்க்கிறார். எண்ணிப் பார்த்தாள், எழுபத்திரண்டு படம், முழுசாக மூன்று வினாடி நின்று பார்க்கிறார். பிறகு மறுபடி சூரியன் பக்கம் திரும்பி நடக்கிறார். வேகமாகக்கூட இல்லை, முன்னே எப்படி நடந்தாரோ அப்படியே. கொடி... அவள் கொடியைப் பார்த்தாள். கேமரா பக்கத்திலிருந்து சூரியன் பக்கமாகப் படபடக்கிறது. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கவில்லை, கத்தின சத்தத்தை அவர் காதிலேயே கொண்டுபோய்ப் போட்டிருக்கும். சூரியன் நன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தது, முப்பது வினாடி சேர்ந்தாற்போல் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் தெரியும் அது விடியல் இல்லை என்று. அவர் சிறுத்துக்கொண்டே போனார், ஒரு கட்டத்தில் இயந்திரம் அவரைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தது, தூசி. இல்லை என்று அழித்தாள். அடுத்த படத்தில் மறுபடி தூசி. அழித்தாள். யாரும் பார்க்கப்போவதில்லை, இன்னும் கால் மணியில் குப்பைக்குப் போகிற துண்டு, அதை உட்கார்ந்து ஒவ்வொரு படமாக, தூசி இல்லை, ஆள், தூசி இல்லை, ஆள்...

அப்படியானால் அவருக்குக் கேட்டிருக்கிறது. பத்தொன்பது வயசிலேயே கேட்டிருக்கிறது, பார்த்தும் இருக்கிறார், எல்லாம் நடிப்பு, கூட்டம் சோற்றுக்கு ஓடுகிறது, சூரியனும் பொய். தெரிந்துகொண்டேதான் நடந்தாரா? எங்கே போகலாம் என்று நடந்தார்? இரண்டு நிமிஷமாவது அது நிஜமாக இருக்கட்டும் என்றா, இல்லை, திரும்பிப் போக ஒன்றும் இல்லை என்றா? பிறகு பசித்திருக்கும், இருட்டியிருக்கும், திரும்பி வந்திருப்பார், ஊரில் எங்கேடா போனே என்று கேட்டிருப்பார்கள், என்ன சொல்வது, கட் சொன்னது கேட்கவில்லை என்று சொல்லியிருப்பார், எல்லாரும் சிரித்திருப்பார்கள். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பொய். இந்தத் தடவை நடக்கும், நாடு நின்னா போச்சு, நிதானமா நடந்துகிட்டுதான் இருக்கு... அவர் ஏமாந்தவர் இல்லை. வீட்டில் ஏமாறாத ஒரே ஆள் அவர்தான். ஏமாந்தவர் மாதிரி நடித்திருக்கிறார், இனிப்புக் கொடுத்திருக்கிறார், அவளும் தம்பியும் நம்பட்டும், பள்ளிக்கூடம் போகட்டும், விண்ணப்பம் போடட்டும் என்று, முதுகை மட்டும் காட்டிக்கொண்டே இத்தனை வருஷம். கோபமா? கோபமும்தான். போன் பண்ணிக் கேட்டுவிட்டால் என்ன... என்ன கேட்பது, ஏம்ப்பா பொய் சொன்னீங்க என்றா? காலையில் அவளே என்ன நினைத்துக்கொண்டு கிளம்பினாள், போட்டுவிடலாம், இந்தத் தடவை நடக்கும் என்று அவனிடம் சொல்லிவிடலாம் என்றுதானே, தனக்கே நம்பிக்கை இருந்ததா, ஒரு பொட்டு?

"அக்கா, நாலே முக்கால்." அர்ஜென்ட் கதவோரம் நின்றான். "கடைசில ஏதோ டெயில் இருக்குன்னு காட்டுதே, அது வேண்டாம்க்கா, தூக்கிடுங்க." தூக்கிடறேன் என்றாள். ஆபீஸ் கணினியில் அழிப்பது ஒரு பொத்தான், நிச்சயமாகவா என்று ஒரு தடவை கேட்கும். போனில் படம் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி தோன்றிற்று. வேண்டாம். அவர் இத்தனை வருஷம் மறைத்து வைத்ததை அவர் மகளே வெளிச்சம் போட்டுக் காட்டுவதா? முதுகு போதும். நிச்சயமாகவா என்று கேட்டது, ஆம் என்றாள். மகன் முகத்தோடு இருந்த அந்தப் பையன் போய்விட்டான். ரீல் கிளம்பியது. போனைக் கையில் எடுத்து விண்ணப்பப் பக்கத்தைத் திறக்காமலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், போடப்போவதில்லை, இன்றைக்காவது அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், போதும்டா கண்ணா, கட், வா சாப்பிடலாம் என்று... நாலு ஐம்பத்தொன்று. போன் அதிர்ந்தது.

ஓடிபி. ஆறு இலக்கம், பத்து நிமிஷத்துக்குச் செல்லும், யாரிடமும் பகிர வேண்டாம். அவள் எதையும் திறக்கவில்லையே? புரிவதற்குள் போன் அடித்தது, மகன். "அம்மா, நம்பர் வந்துடுச்சா? சீக்கிரம் சொல்லு, சர்வர் இப்பத்தான் வேலை செய்யுது." "நீ... எழுத மாட்டேன்னியே." "அட, சும்மா தூக்கக் கலக்கத்துல சொன்னேன்மா. எழுதறேன். இந்தத் தடவை நடந்துடும் பாரேன்." சிரித்தான். நல்ல சிரிப்பு, கல்யாண வீட்டில் கையை விரித்துச் சிரிக்கிற சிரிப்பு, காலையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த குரல் எங்கே போயிற்று, ஒரு பகலில் எங்கே கற்றுக்கொண்டான் இதை? பின்னால் அப்பா ஏதோ சொல்வது கேட்டது, தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. சொல்லாமல் விட்டுவிடலாம். ஒன்பது நிமிஷம் கழிந்தால் போதும், தானாக முடிந்துவிடும். "அம்மா?" அவள் சொல்ல ஆரம்பித்தாள், நாலு, ஒன்பது, அவன் கூடவே திரும்பச் சொன்னான், பூஜ்யம், இரண்டு, ஏழு, கடைசி இலக்கத்தையும் சொன்னாள், தெளிவாகத்தான் சொன்னாள், பக்கத்து மேஜைக்கே கேட்டிருக்கும். அந்தப் பக்கம் ஒரு வினாடி, இரண்டு வினாடி, மூன்று வினாடி ஒன்றும் இல்லை.

"கேக்கலைம்மா" என்றான் மகன். "கடைசி நம்பர் கேக்கலை. இன்னொரு தடவை சொல்லு."